ஏ.சி. பெட்டி மேல் ஒரு பிடி சாதம்

ஹோலிக்கு முந்தின மாசமே ஏ.சி. மெக்கானிக் மாரீஸ்வரனுக்கு போன் போட்டுவிட வேண்டும் என்பது அபயாம்பாளின் கணக்கு. ஹோலி கழிந்துவிட்டால் மும்பையின் மாட்டுங்கா முழுவதற்கும் ஒரே நேரத்தில் ஏ.சி. ஞாபகம் வந்துவிடும். அப்புறம் அந்த ஆளைப் பிடிக்க முடியாது. பிடித்தாலும் "நாளைக்கு வாரேம்மா" என்பான். அந்த நாளை ஏப்ரல் கடைசியில்தான் விடியும். மற்ற வீடுகளில் ஏ.சி.யைச் சுத்தம் செய்து வைப்பது வெயிலுக்காக. அபயாம்பாள் வீட்டில் அது ஹரிதாவின் மூச்சுக்காக.

ஹரிதா அவளுடைய பெண். இருபத்தேழு வயது, லோயர் பரேலில் ஒரு விளம்பரக் கம்பெனியில் வேலை. குளிர் விட்டு வெயில் ஏறத் தொடங்குகிற மாசி, பங்குனியில் அவளுக்கு இருமல் பிடித்துக்கொள்ளும். முதலில் அது வெறும் தொண்டைக் கரகரப்பாக இருந்தது. அடுத்த வருஷம் அதற்கு அலர்ஜி என்று பெயர் வந்தது. அதற்கடுத்த வருஷம் கைப்பையில் ஒரு இன்ஹேலர் ஏறியது. போன பங்குனியில் பிடித்த இருமல் மழைக்காலம் தாண்டியும் விடவில்லை. இந்த வருஷம் மாடிப்படி ஏறி வந்தால் செருப்பைக் கழற்றுவதற்கு முன் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.

ஸ்டேஷனுக்கு எதிரே இருக்கிற குடும்ப டாக்டர் ஒவ்வொரு வருஷமும் ஒரே பாட்டைத்தான் பாடினார். "சீசன் மாறறதோல்லியோ மாமி, அதான். பக்கத்து பில்டிங்கை வேற இடிக்கறான், ஒரே தூசி. ஜன்னலைச் சாத்தியே வையுங்கோ. ஏ.சி.யை நன்னா சர்வீஸ் பண்ணி வையுங்கோ. எல்லாம் சரியாயிடும்."

அபயாம்பாள் சொன்னதைச் சொன்னபடி செய்கிறவள், அதற்கு மேலும் செய்கிறவள். வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் என்பதை இரண்டாக்கினாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஏ.சி.யின் ஃபில்டரைத் தானே கழற்றிக் குழாயடியில் கழுவினாள். திறக்காத ஜன்னல்களின் இடுக்குகளில் பழைய புடவையைக் கிழித்து அடைத்தாள். தலையணை உறைகளை வெந்நீரில் துவைத்தாள். ஒரு பெண்ணின் மூச்சைக் காப்பாற்ற ஒரு தாய் இதற்கு மேல் என்னதான் செய்வாள் என்று கேட்கத் தோன்றும். கேட்காமல் இருப்பது நல்லது.

அந்த ஏ.சி. ஜன்னலில் மாட்டுகிற பழைய மாதிரி. பாதி உடம்பு அறைக்குள், பாதி உடம்பு வெளியே. கௌசிக் தன் முதல் சம்பளத்தில் வாங்கியது. கௌசிக் ஹரிதாவின் அண்ணன். ஒரு மழை நாள் சாயங்காலம், கூட்டம் வழிந்த லோக்கல் ரயிலின் வாசலில் தொற்றிக்கொண்டு ஆபீஸிலிருந்து கிளம்பியவன் வீடு வந்து சேரவில்லை. அதற்குப் பிறகு அவன் அறையும் அவன் கட்டிலும் அவன் ஏ.சி.யும் ஹரிதாவுக்கு வந்தன. ஸ்பிளிட் ஏ.சி. மாட்டிக்கொள்ளலாம், இதைவிடச் சத்தம் குறைவு என்று யார் சொன்னாலும் அபயாம்பாள் காதில் வாங்குவதில்லை.

மாரீஸ்வரன் சொன்ன நாளில் சொன்ன நேரத்துக்கு வந்தான், அதிசயமாக. தாராவியில் கடை. அப்பா ஆழ்வார்திருநகரிப் பக்கத்திலிருந்து வந்தவர். இவன் பிறந்ததும் வளர்ந்ததும் இங்கேதான். வாய் நிறையத் தமிழ் பேசுவான், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது.

"என்னம்மா, தங்கச்சி இன்னும் இருமிக்கிட்டுதான் இருக்காவளா?"

"அதுக்குத்தானேப்பா உன்னைக் கூப்பிட்டேன். ஒரு பொட்டு தூசி இருக்கப்படாது. உள்ளே, வெளியே, பின்னாடி, எல்லாம் பார்த்துடு."

"பாத்துருவோம், பாத்துருவோம். நமக்கு என்ன வேல."

ஹரிதா கட்டில் மூலையில் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு ஏதோ மீட்டிங்கில் இருந்தாள். ஹாலில் நெட் சரியாக வராது. ஒரு பத்து நிமிஷம்தானே, நான் இங்கேயே இருக்கேன் என்று சைகை காட்டினாள். மாரீஸ்வரன் முகப்பைக் கழற்றி மெஷினை அறைக்குள் பாதி தூரம் இழுத்தான். அதன் பின்பக்கம் முழுவதும் சாம்பலும் வெள்ளையுமாகக் காய்ந்து அப்பியிருந்தது. குச்சிகள், சிறகுத் துணுக்குகள், ஓரத்தில் ஒரு புறாக் கூடு, அதில் இரண்டு முட்டைகள்.

"கபூதர் குடும்பமே நடத்திருக்கும்மா" என்று சிரித்தபடி புளோயரை எடுத்தான். அது உறுமியதும் வெள்ளைப் பொடி எழும்பி அறையை நிறைத்தது. ஜன்னல் வெயிலில் அது மினுமினுத்துக்கொண்டு கட்டில்மேலும் லேப்டாப்மேலும் ஹரிதாவின் தலைமயிர்மேலும் இறங்கியது. அவள் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினாள்.

அபயாம்பாள் வாசற்படியில் நின்று பார்த்தாள். அவளுக்குத் திருப்தியாக இருந்தது. "பாத்தியோடி, எவ்வளவு அழுக்கு! இதெல்லாம்தான் உள்ளே போயிண்டிருந்திருக்கு. மாரி, அந்த மூலையிலே இன்னும் கொஞ்சம் ஊது. நன்னா ஊதுப்பா."

மாரீஸ்வரன் நன்றாகவே ஊதினான்.

வேலை முடிந்து மெஷினைத் தள்ளிப் பொருத்தும்போது அவன் வருஷா வருஷம் கேட்பதைக் கேட்டான். "ஜாலி ஒண்ணு போட்டுருவோமாம்மா? இந்தப் பக்கம் எல்லா பில்டிங்லயும் போட்டுட்டாவ. கபூதர் ஒண்ணும் உக்காராது. ஒரு மணி நேர வேலதான்."

பறவை வராமலிருக்க ஜன்னலுக்கு வெளியே கட்டுகிற நைலான் வலையைத்தான் இந்த ஊரில் ஜாலி என்பார்கள். ஹாலிலிருந்து பஞ்சுவின் குரல் வந்தது. பஞ்சு அபயாம்பாளின் கணவர், ரயில்வே ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ரிடையர் ஆனவர். "போட்டுடச் சொல்லேன் அபயம். வருஷா வருஷம் கேட்டுண்டே இருக்கான் பாவம்."

"ஏன்னா, ஜாலி போட்டா காக்கா எப்படி வரும்?"

அந்தக் கேள்விக்கு அந்த வீட்டில் யாரும் பதில் சொல்வதில்லை. மாரீஸ்வரன் தன் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

காக்கை விஷயம் இதுதான். கௌசிக்கின் பத்தாம் நாள் காரியத்தில் பிண்டத்தைக் காக்கை தொடவில்லை. மழை விட்டிருந்தது, மரம் நிறையக் காக்கைகள் இருந்தன. ஒன்றுகூடக் கீழே இறங்கவில்லை. பஞ்சு கைகூப்பிக் கூப்பிட்டார். அவன் சிநேகிதர்கள் கூப்பிட்டார்கள். தங்கைக்கு நல்ல இடத்தில் கல்யாணம் செய்து வைக்கிறோம், நீ கவலைப்படாதே என்றெல்லாம் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் சாஸ்திரிகள், இந்த ஊர் வழக்கப்படி தர்ப்பையில் ஒரு காக்கை உருவத்தை முடிந்து, அதைக் கொண்டு தொட வைத்து, மேலே ஆகட்டும் என்றார். அபயாம்பாளிடம் மறைக்க நினைத்தார்கள், முடியவில்லை. பிள்ளை பசியோடு போய்விட்டான் என்று அன்றைக்கு அவள் நெஞ்சில் விழுந்தது அப்படியே கிடந்துவிட்டது.

சமையலறை ஜன்னல் பைப்புகள் ஓடும் ஒரு சந்தைப் பார்த்தது. அங்கே காக்கை வராது. மொட்டை மாடியை பில்டிங் சொசைட்டி பூட்டி வைத்திருந்தது. மிச்சமிருந்தது கௌசிக் அறையின் ஜன்னல், அதில் வெளியே நீட்டிக்கொண்டிருந்த அவனுடைய ஏ.சி. பெட்டி. அவன் வாங்கிய பெட்டி. அதைவிட நல்ல இடம் எது? தினமும் காலையில் அவள் பக்கத்து ஜன்னல் கதவைத் திறந்து கையை நீட்டி, சின்னத் துடைப்பத்தால் பெட்டியின் மேல்பக்கத்தைச் சுத்தமாகப் பெருக்குவாள். முந்தின நாள் எச்சம் காய்ந்து பொடியாக உதிரும். காற்று உள்பக்கம் அடித்தால் கொஞ்சம் அறைக்குள் வரும். ஹரிதா பெரும்பாலும் அப்போது தூக்கத்தில் இருப்பாள். சமையல் ஆனதும் இலைத் துண்டில் ஒரு பிடி சாதம், மேலே பருப்பும் ஒரு சொட்டு நெய்யும். "கா, கா" என்று இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டு வந்துவிடுவாள். நின்று பார்க்கக் கூடாது, பார்த்தால் வருகிறவன் கூச்சப்படுவான் என்பது அவள் பிறந்த வீட்டு வழக்கம்.

பார்க்க வேண்டிய வேலை ஹரிதாவுடையது. கொரோனாவுக்குப் பிறகு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. ஆபீஸ் போகிற நாட்களில் அம்மா எட்டு மணிக்கே சமைத்துவிடுவாள். தட்டை வைத்துக்கொண்டு சமையலறையிலிருந்து கேட்பாள்: "ஹரி, வந்துதா?"

"வந்துடுத்தும்மா."

அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் யார் தட்டிலும் சாதம் விழும். புறாக்கள் சுற்றிக்கொண்டிருப்பது அபயாம்பாளுக்குத் தெரியாமல் இல்லை. மும்பையில் புறா இல்லாத ஜன்னல் ஏது? வரவேண்டியவன் வந்து சாப்பிட்டுப் போன பிறகு மிச்சத்தை எது கொத்தினால் என்ன என்று இருந்தாள். அந்த ஒரு வார்த்தையில்தான் அவள் நாள் ஓடியது. வந்துடுத்து. பிள்ளை இன்றைக்குச் சாப்பிட்டான்.

மாரீஸ்வரன் வந்து போன அன்று இரவிலிருந்து ஹரிதாவுக்கு ஜுரம். இரண்டு நாளில் இறங்கியது. ஆனால் மூச்சு இறங்கவில்லை. அவள் அதையும் பொருட்படுத்தாமல் ஆபீஸ் கிளம்பினாள். மாட்டுங்கா ஸ்டேஷன் பாலத்தின் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த கூட்டம் முதலில் திட்டியது, பிறகு விலகியது. படியில் ஹேர் கிளிப் விற்கிற சபுரா என்ற பெண்தான் தன் தண்ணீர் பாட்டிலைக் கொடுத்து, அவள் போனை வாங்கி வீட்டுக்குப் பேசினாள். "மாஜி, ஆப்கி பேட்டி கா ஹோட் நீலா ஹோ கயா" என்றாள். உதடு நீலமாகிவிட்டது என்று ஒரு அந்நியக் குரல் சொல்லக் கேட்டதும் அபயாம்பாள் அப்படியே ஸ்டேஷனுக்கு ஓடினாள்.

இந்த முறை குடும்ப டாக்டரே பயந்துபோய், நுரையீரல் பார்க்கிற பெரிய டாக்டர் ஒருவரிடம் அனுப்பினார். நடுவயதுப் பெண்மணி, மராட்டிக்காரர். ஸ்கேனும் ரத்தமும் எழுதிக் கொடுத்துவிட்டு, ஹிந்தியில் மெதுவாக ஒவ்வொன்றாகக் கேட்டார். வீட்டில் நாய், பூனை? சுவரில் ஈரம்? பூஞ்சை? கடைசியில், "புறா வளர்க்கிறீர்களா? புறாவுக்குத் தீனி போடும் பழக்கம் உண்டா?"

"நஹீ, நஹீ" என்றாள் அபயாம்பாள். சற்றே கோபத்தோடுதான் சொன்னாள். நாற்சந்தியில் புறாக்களுக்கு மூட்டை மூட்டையாகச் சோளம் கொட்டுகிறவர்களைப் பற்றி அவள் வாயால் எவ்வளவோ சொல்லியிருக்கிறாள், ஊரையே நாறடிக்கிறார்கள் என்று. அந்தக் கூட்டத்தில் தன்னைச் சேர்த்துக் கேட்டது அவளுக்குப் பிடிக்கவில்லை. அவள் பொய் சொல்லவில்லை. புறாவுக்கு என்று அவள் ஒரு பருக்கைகூடப் போட்டதில்லை. பக்கத்தில் ஹரிதா குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ரிப்போர்ட் வந்த அன்று மூன்று பேரும் போனார்கள். டாக்டர் கம்ப்யூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினார். கறுப்பாக இருக்க வேண்டிய இடமெல்லாம் வெள்ளை வெள்ளையாகக் கோடுகள், வலை மாதிரி. பேனா முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டார். இது தழும்பு, இதுவும் தழும்பு, கீழே இது முழுக்கத் தழும்பு.

"எங்கேயோ புறா இருக்கிறது" என்றார். "ரத்தத்தில் தெளிவாக வந்திருக்கிறது. தினமும், ரொம்பப் பக்கத்தில், பல வருஷமாக. எச்சம் காய்ந்து பொடியாகும். கண்ணுக்குத் தெரியாது. மூச்சில் போகும். எல்லாருக்கும் ஒன்றும் ஆவதில்லை, சில பேருடைய உடம்பு அதோடு சண்டை போடும். அந்தச் சண்டையில் நுரையீரல் இறுகிப்போகும்."

"ஸ்டேஷன்ல இருக்கு மேடம்" என்றாள் ஹரிதா, அவசரமாக. "ஆபீஸ் ஜன்னல்லகூட நிறைய இருக்கு. அங்கேதான் இருக்கணும்."

"ஸ்டேஷனுக்கு எல்லாரும்தான் போகிறார்கள். நீ தூங்குகிற இடத்தில்?"

"இல்லை மேடம். அங்கே ஒண்ணும் இல்லை."

அபயாம்பாள் திரும்பி மகளைப் பார்த்தாள். வாய்கூசாமல் இந்தப் பெண் ஏன் இப்படிச் சொல்கிறாள் என்று அவளுக்குப் புரியவில்லை. புளோயர் உறுமுகிற சத்தம் காதில் கேட்டது. வெயிலில் மினுமினுத்து இறங்கிய பொடி கண்முன் வந்தது. நன்னா ஊதுப்பா என்று சொன்னது தன் குரல்தான்.

"ஏ.சி. மேலே இருக்கு டாக்டர்" என்றார் பஞ்சு. "பெட்டி மேலே. கூடு கட்டறது."

"கூடு கட்டுகிறது என்றால் அங்கே அதற்குச் சாப்பாடு கிடைக்கிறதா?"

பஞ்சு மனைவியைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பைப் பார்த்தார். அபயாம்பாளே சொன்னாள். "மைம் டால்தி ஹூம். கவ்வே கே லியே. நான்தான் போடறேன், காக்காவுக்கு. பையன் போயிட்டான்." அதற்கு மேல் ஹிந்தியும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் வீட்டிலும் காக்கைக்கு வைக்கிறவர்கள்தான். பிறகு, அந்த ஏ.சி. போக வேண்டும், அறையைச் சுத்தம் செய்யும்போது பெண் அந்த வீட்டிலேயே இருக்கக் கூடாது, ஸ்டீராய்டு தொடங்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ள ஆக்ஸிஜன் மெஷின் வாடகைக்குக் கிடைக்கும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"சரியாயிடுமா?" என்று கேட்டாள் அபயாம்பாள்.

"இதற்கு மேல் போகாமல் பார்க்க முயற்சி செய்யலாம்" என்றார் டாக்டர். "போனது வராது." அதிலும் அவர் முயற்சி என்றுதான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் ஹரிதாவை அந்த அறைப் பக்கமே விடாமல் ஹால் திவானில் படுக்க வைத்தார்கள். பஞ்சு செம்பூரிலிருக்கும் மச்சினி வீட்டுக்கு போன் செய்ய பால்கனிக்குப் போனார். அபயாம்பாள் திவானின் காலடியில் தரையில் உட்கார்ந்தாள்.

"ஏண்டி அப்படிச் சொன்னே? ஸ்டேஷன்னு, ஆபீஸ்னு."

ஹரிதா கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா? புறா அங்கே வந்து உட்கார்ந்து திங்கறதுன்னு?"

"தெரியும்மா. தெனமும் அதுதான் திங்கும். நீ வெச்சுட்டுத் திரும்பறதுக்குள்ளே மொத்தமா வந்து விழும்."

"காக்கா சாப்பிட்டப்புறம்தானே?"

ஹரிதாவின் மார்பு ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. அடுத்த கேள்வியைக் கேட்காமல் இருந்துவிடலாம் என்று அபயாம்பாள் ஒரு கணம் நினைத்தாள். கேட்டுவிட்டாள்.

"ஹரி, ஒரு நாளாவது காக்கா வந்துதா?"

"இல்லேம்மா."

"ஒரு நாள்கூடவா?"

"ஒரு நாள்கூட வரல்லே." ஹரிதா எழுந்து உட்கார முயன்று முடியாமல் சாய்ந்துகொண்டாள். விட்டு விட்டுப் பேசினாள். "அண்ணா போனப்புறம் நீ சாப்பிடவே இல்லை. ஞாபகம் இருக்கா? காக்கா வரணும், காக்கா வரணும்னு தட்டை வெச்சுண்டு அப்படியே உட்கார்ந்திருப்பே. எலும்பா ஆயிட்டே. ஒரு நாள் நான் சும்மா சொன்னேன், வந்துடுத்தும்மான்னு. நீ அழுதே. அப்புறம் எழுந்து எனக்குச் சாதம் போட்டே. நீயும் சாப்பிட்டே. மறுநாள் கேட்டே. எப்படிம்மா இல்லைன்னு சொல்றது?"

அபயாம்பாள் அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"நெஜமாவே வரட்டும்னு நான் எவ்வளவோ பார்த்தேம்மா. ஜன்னலைத் தெறந்துண்டு, தலையை வெளியே நீட்டி, அதுகளைக் கையாலே வெரட்டிண்டே நிப்பேன். ஒரே சிறகடியா இருக்கும். மூஞ்சியெல்லாம் படும். தெனம் தெனம் வெரட்டுவேன். காக்கா எதிர்த்த மரத்துலேயே உட்கார்ந்திருக்கும். வராது."

பிள்ளை வயிறு நிறைய வேண்டும் என்று அம்மா சோறு வைத்தாள். அம்மா வயிறு நிறைய வேண்டும் என்றுதான் மகள் பொய் சொன்னாள். இதில் யாரைக் குற்றம் சொல்வது? காக்கையையா? அழ வேண்டும் போலிருந்தது அபயாம்பாளுக்கு, வாய்விட்டு அலற வேண்டும் போலிருந்தது. ஆனால் அழுவதற்கும் மூச்சு வேண்டும். அந்த வீட்டில் அது யாரிடம் குறைவாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு அவளுக்கு அழக்கூட வெட்கமாக இருந்தது. பிள்ளை பசியோடுதான் இருக்கிறான், இத்தனை வருஷமும். அவனுக்கு வைத்ததெல்லாம் இவளுடைய மூச்சில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அடுத்த நாள் ஹரிதாவைச் செம்பூருக்கு அனுப்பிவிட்டு மாரீஸ்வரனை வரச் சொன்னார்கள். விஷயம் தெரிந்ததும் அவன் முகம் செத்துப்போய்விட்டது.

"எனக்கும் தெரியாதும்மா. சத்தியமா தெரியாது. நானே இந்தக் கையாலதான ஊதுனேன்."

"நான் ஊதச் சொன்னேன், நீ ஊதினே. விடு."

வாயைக் கட்டிக்கொண்டு, கட்டிலை எடுத்துவிட்டு, எல்லாவற்றையும் ஈரத்துணியால் நனைத்து நனைத்துத் துடைத்தான். மெஷினைக் கழற்றி பிளாஸ்டிக் ஷீட்டில் சுற்றினான். கிளம்பும்போது வாசலில் தயங்கினான். "இத என்னம்மா செய்ய? மெஷின் நல்லா ஓடுத மெஷின்."

"எடுத்துண்டு போயிடு. யாருக்கும் குடுக்காதே. ஒடைச்சுப் போட்டுடு."

அவன் அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான். கௌசிக் வாங்கி வந்த அன்று இதே படியில் நான்கு பேர் சிரித்துக்கொண்டே ஏற்றிய பெட்டி. பஞ்சு பால்கனியில் நின்று, தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி இருந்த இடத்தில் கண்ணாடி பொருத்தினார்கள். வெளியே ஜாலி கட்டினார்கள். ஒரு மணி நேர வேலைதான். மாரீஸ்வரன் அதில் மட்டும் பொய் சொல்லியிருக்கவில்லை.

ஹோலி வந்து போனது. தெருவில் கலர் பொடி பறந்த அன்றைக்கு ஹரிதா செம்பூரிலேயே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தாள். மறு வாரம் வீட்டுக்கு வந்தாள். மூக்கில் குழாய், கூடவே சக்கரம் வைத்த ஒரு ஆக்ஸிஜன் மெஷின். ஏ.சி. ஓடிய அறையில் இப்போது அது ஓடியது. சத்தம் கிட்டத்தட்ட அதே சத்தம். டாக்டர் அடுத்த ஸ்கேனுக்கு நாள் கொடுத்திருந்தார். முதல் ஸ்கேனைவிட நன்றாக இருக்கும் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அபயாம்பாள் சமையலை முடித்தாள். பஞ்சு மருந்து வாங்கப் போயிருந்தார். குக்கரைத் திறந்ததும் பழக்கத்தில் கை இலைத் துண்டைக் கிழித்தது, ஒரு பிடி சாதம் எடுத்தது, பருப்பும் நெய்யும் விட்டது. கால் அறைக்குள் நடந்தது. ஜன்னல் முன்னால் போய் நின்றபோதுதான் கண்ணாடி தெரிந்தது. வெளியே ஜாலியைக் கட்டிய கம்பியில் புறாக்கள் வரிசையாக உட்கார்ந்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நேரம் தெரியும்.

கட்டிலிலிருந்து ஹரிதா பார்த்துக்கொண்டிருந்தாள். அபயாம்பாள் திரும்பினாள். கையிலிருந்த அந்த முதல் பிடியை ஹரிதாவின் தட்டில் வைத்துப் பிசைந்து கொடுத்தாள். ஹரிதா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்கினாள். இன்னொரு வாய். மறுபடி மூச்சு. மெல்வதற்கும் மூச்சு விடுவதற்கும் ஒரே வாய்தான் இருந்தது அவளுக்கு. நாலு வாயோடு தட்டைத் தள்ளினாள்.

"போறும்மா."

"இன்னும் ஒரு வாய்டி."

"முடியல்லேம்மா. நீ சாப்பிடு."

அபயாம்பாள் தன் தட்டில் கொஞ்சம் சாதம் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கையை வைத்தவள் அப்படியே இருந்தாள். சாதம் ஆறியது. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளையை இழந்த வருஷம் உட்கார்ந்திருந்தாளே, அதே இருப்பு. ஹரிதா அவளைப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, மூச்சைச் சேர்த்துக்கொண்டு, இரண்டு தவணையாகச் சொன்னாள்.

"வந்து... டுத்தும்மா."

அபயாம்பாள் ஜன்னலைத் திரும்பிப் பார்க்கவில்லை. தட்டை இழுத்துக்கொண்டு சாப்பிட்டாள்.